ஐஸ் மேக்கர்: உருக்கினால் ஓடுகிறது, சில நாளில் மறுபடி நிற்கிறது

வைகைக்கரை:

டாலஸ் பக்கம் இருக்கிறோம். மேலே ஃபிரிட்ஜ், கீழே இழுக்கும் ஃப்ரீசர் உள்ள மாடல். ஐஸ் மேக்கர் ஃப்ரீசருக்குள்ளேயே இடது மூலையில் இருக்கிறது. வாங்கி நான்கைந்து வருடம் ஆகிறது, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

கொஞ்ச நாளாக ஐஸ் கட்டிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பாதிக் கட்டி, அப்புறம் வெறும் சில்லு, அப்புறம் அதுவும் இல்லை. ஒரு தடவை ஃப்ரீசரைக் கழுவுவதற்காக எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுநாள் போட்டோம். தானாகவே ஓட ஆரம்பித்தது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஒரு வாரம் கூட ஓடவில்லை, மறுபடி நின்றுவிட்டது.

பார்க்க வந்த மெக்கானிக் ஃப்ரீசரை இழுத்தார், டார்ச் அடித்தார், மூடினார். “ஐஸ் மேக்கர் போய்விட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும், 400 டாலர்” என்றார். சரி என்று சொல்வதற்கு முன்னால் இங்கே கேட்கிறேன். ஃப்ரீசர் 0 டிகிரி பாரன்ஹீட் காட்டுகிறது. ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் குழாயில் குடிதண்ணீரும் வருகிறது. இந்த ஊர் வெயிலில் மோருக்கும் ரோஸ்மில்க்குக்கும் ஐஸ் இல்லாமல் பிள்ளைகள் என்னைத்தான் பிடுங்குகிறார்கள்.

மொட்டைமாடி:

இரண்டு டாலருக்கு பிளாஸ்டிக் ட்ரே கிடைக்கும். மோட்டார் கிடையாது, வால்வு கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது. எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது. 😀

சரி, கிண்டல் போதும். பக்கவாட்டில் ஒரு கம்பி வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது மேலே தூக்கியிருந்தால் ஐஸ் மேக்கர் நின்றுவிடும். கீழே இருந்தால்தான் ஓடும். பட்டாணிப் பொட்டலத்தை யாராவது திணிக்கும்போது கம்பி மேலே ஏறி மாட்டிக்கொள்வது சகஜம்.

டொராண்டோ_குளிர்:

வணக்கம் அண்ணா. முதலில் செலவில்லாத விசயங்களைப் பார்த்துவிடுங்கோ. கன்ட்ரோல் பேனலில் ஐஸ் என்ற பட்டன் அணைந்திருக்கோ? எங்கட வீட்டில் சின்னவன் அதை அமத்திவிட்டு ஒண்டும் தெரியாத மாதிரி இருந்தவன். அடுத்தது, ஃபிரிட்ஜைச் சுவரோடு தள்ளும்போது பின்னால் இருக்கிற தண்ணீர் ட்யூப் மடிந்திருக்கோ என்று பாருங்கோ. பிளாஸ்டிக் ட்யூப் என்றால் மடிப்பு அப்படியே நின்றுவிடும், தண்ணீர் நூல் மாதிரித்தான் வரும்.

மூன்றாவது ஃபில்டர். ஆறு மாதத்துக்கு ஒருக்கா மாற்றச் சொல்கிறார்கள். நாங்கள் எல்லாரும் சிவப்பு லைட் வந்து பல மாதம் கழித்துத்தான் மாற்றுகிறோம்.

வைகைக்கரை:

கம்பி கீழேதான் இருக்கிறது. பட்டனும் எரிகிறது. ட்யூபில் மடிப்பு இல்லை, ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தே வைத்துப் பார்த்துவிட்டேன். ஃபில்டர் சமீபத்தில் மாற்றியது.

ஸ்பேனர்:

துபாயில் பல வருடம் ஃபிரிட்ஜ், ஏசி வேலை பார்த்துவிட்டு இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். அங்கே உங்கள் ஊர் மாடல்கள் நிறைய வரும், அதனால் சொல்கிறேன். தம்பி, 400 டாலரைக் கொடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிப் போட்டதும் ஓடுகிறது என்றால் ஐஸ் மேக்கர் சாகவில்லை. செத்துப்போன மோட்டார் ஃப்ரீசரைக் கழுவினால் பிழைக்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்களுடையது அலுமினிய அச்சு வைத்த பழைய ரகம் என்று வைத்துக்கொள்கிறேன். அச்சில் தண்ணீர் உறைந்து சுமார் 15 டிகிரி பாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் ஒரு சின்ன தெர்மோஸ்டாட் மோட்டாரையும் அடியில் இருக்கும் ஹீட்டரையும் போடும். ஹீட்டர் கட்டிகளின் அடியை லேசாக இளக்கும், மேலே இருக்கும் விரல்கள் சுற்றி வந்து கட்டிகளை வெளியே தள்ளும். சுற்று முடியும் நேரத்தில் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர் வால்வு ஏழு விநாடி சொச்சம் திறக்கும். அந்த நேரத்துக்குள் சுமார் 140 மில்லி வர வேண்டும். அப்புறம் மறுபடி உறைய வேண்டும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அது தண்ணீரை அளந்து ஊற்றுவதில்லை, நேரத்தை வைத்துத்தான் ஊற்றுகிறது. பிரஷர் குறைந்தால் அதே ஏழு விநாடியில் கொஞ்சம்தான் விழும், கட்டி சிறுக்கும். நிற்பதற்கு முன்னால் கட்டி சிறுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மெக்கானிக் அதைக் கேட்டிருந்தால் தண்ணீர் வரும் வழியைத்தான் முதலில் பார்த்திருப்பார்.

இப்போது செய்ய வேண்டியது: ஐஸ் கூடையை வெளியே எடுங்கள். அச்சுக்குப் பின்பக்கம் மேலே பாருங்கள், சுவரிலிருந்து ஒரு வெள்ளை ட்யூப் வந்து சின்னக் கோப்பையில் முடியும். அதன் வாயில் டார்ச் அடித்து, என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

மொட்டைமாடி:

ஹீட்டர், மோட்டார், தெர்மோஸ்டாட், வால்வு... ஒரு டம்ளர் மோருக்கு இவ்வளவா?

வைகைக்கரை:

பார்த்தேன் அண்ணா. அச்சு காலி, சொட்டுத் தண்ணீர் இல்லை. ட்யூபின் வாய் அடைத்திருக்கிறது. உள்ளே பால் நிறத்தில் ஐஸ், நுனியில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கூராகத் தொங்குகிறது. கோப்பையின் ஓரத்திலும் அடுக்கடுக்காக வழிந்து உறைந்திருக்கிறது. ஒரே நாளில் உறைந்த மாதிரி இல்லை.

ஸ்பேனர்:

அடுக்கடுக்காக என்று சொன்னீர்களே, நல்ல கண் உங்களுக்கு. அதைக் கடைசியில் பேசுவோம். முதலில் உருக்குங்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் வால்வை மூடுங்கள். ஐஸ் மேக்கர் மூன்று ஸ்க்ரூவில்தான் நிற்கும்: மேலே இரண்டைத் தளர்த்தினால் போதும், கீழே ஒன்றைக் கழற்ற வேண்டும். பின்னால் ஒயர் சாக்கெட் இருக்கும், அதையும் எடுத்துவிட்டால் கையோடு வந்துவிடும். கீழே துண்டு விரியுங்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ட்யூப் வாயில் பீய்ச்சுங்கள். ஹேர் டிரையர் போடுபவர்கள் குறைந்த சூட்டில் கையை அசைத்துக்கொண்டே போடுங்கள். ஒரே இடத்தில் பிடித்தால் உள்சுவர் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தவே கூடாது. ட்யூப் கிழிந்தால் உள்ளே தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியாது.

மாட்டிய பிறகு ஒரு நாள் பொறுங்கள். முதல் இரண்டு மூன்று ஈட்டைக் கொட்டிவிடுங்கள்.

நெய்தல்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் சென்னையில் இருக்கிறேன், சைட் பை சைட் மாடல். எங்களுடையதில் அலுமினியம் இல்லை, வெள்ளை பிளாஸ்டிக் ட்ரேதான். அது தானே முறுக்கி ஐஸைக் கொட்டும். ஆரம்பத்திலிருந்தே சரியாக வந்ததில்லை. போட்ட ஆள் ஆர்ஓ மெஷினின் டேங்க்கிலிருந்து நேராக ட்யூப் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கட்டி வர ஒரு யுகம் ஆகிறது.

ஸ்பேனர்:

நெய்தல் அம்மா, உங்களுடையது வேறு ரகம். அதில் ஹீட்டர் கிடையாது. ட்ரே அடியில் இருக்கும் சென்சார் குளிரைப் பார்த்து மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் ட்ரேயை முறுக்கிக் கட்டிகளைக் கழற்றும். பல மாடல்களில் யூனிட்டின் அடியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். சில விநாடி அழுத்திப் பிடித்தால் ட்ரே முறுக்கி, திரும்பி, தண்ணீர் கேட்கும். முறுக்கினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. தண்ணீர் வராவிட்டால் குற்றம் அங்கே இல்லை.

உங்கள் குற்றம் எங்கே என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். நம் ஊர் ஆர்ஓ மெஷினில் இருப்பது வெறும் தொட்டி. தண்ணீர் தன் பாரத்தில்தான் இறங்கும், பிரஷரே கிடையாது. ஃபிரிட்ஜ் வால்வுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கும் அலகு) வேண்டும், பல கம்பெனிகள் 30க்கு மேல் கேட்கின்றன. பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் 14 பிஎஸ்ஐ வரும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் மாடி ஃபிளாட் என்றால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராகக் கொடுத்தாலும் ஐந்தாறு பிஎஸ்ஐ வந்தால் அதிகம்.

நெய்தல்:

மேல் மாடிதான்! அப்படியென்றால் என்ன செய்வது?

ஸ்பேனர்:

ஆர்ஓ தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் பிரஷர் சுவிட்ச் வைத்த சின்ன பம்பு. ஃபிரிட்ஜ் தண்ணீர் கேட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். குடிதண்ணீருக்கு ஏற்ற பம்பா என்று கேட்டு வாங்குங்கள். சத்தம் கொஞ்சம் வரும். தொட்டி காலியானால் பம்பு வெறுமனே ஓடி எரியாமல் இருக்க ஃப்ளோட் சுவிட்சும் போடச் சொல்லுங்கள். போட்ட ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வைகைக்கரை:

உருக்கிவிட்டேன். சிரிஞ்சு யோசனை அருமை, பொறுமையாகச் செய்தால் ஐஸ் குச்சி முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் கூடை நிறையக் கட்டி. வீட்டில் திருவிழா.

வைகைக்கரை:

மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மறுபடி அதே கதை. அதே ட்யூப், அதே இடம்.

டொராண்டோ_குளிர்:

ஃப்ரீசர் குளிர் கூடிப்போச்சோ? கீழே இழுக்கிற கதவின் ரப்பர் சரியாக ஒட்டாவிட்டால் ஈரக்காற்று உள்ளே போய் உறையும். ஒரு தாளைக் கதவுக்கு நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கோ. சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியில்லை.

வைகைக்கரை:

தாள் இறுக்கமாகத்தான் நிற்கிறது. வேறு எங்கும் பனி படியவில்லை, அந்த ட்யூபில் மட்டும்தான்.

ஸ்பேனர்:

இப்போது அந்த அடுக்குகளுக்கு வருவோம். ட்யூபில் தண்ணீர் நின்றால்தான் உறையும். ஏழு விநாடி வேகமாகப் பாய்ந்து முடிந்தால் ட்யூப் காலியாகிவிடும், உறைய ஒன்றும் இருக்காது. உங்களுடையதில் சுற்று முடிந்த பிறகும் சொட்டுகிறது. ஒரு சொட்டு நுனியில் உறைகிறது, அதன்மேல் இன்னொன்று. அதுதான் அடுக்கு.

ஏன் சொட்டுகிறது என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே துகள் சிக்கியிருக்கலாம். இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை. இந்த வால்வு கரண்ட்டால் திறக்கும், ஆனால் இறுக மூடுவது தண்ணீரின் அழுத்தத்தால்தான். உள்ளே இருக்கும் ரப்பர் தகட்டைத் தண்ணீரே அழுத்தி ஓட்டையை அடைக்கிறது. அழுத்தம் 20க்குக் கீழே போனால் தகடு சரியாக உட்காராது, கசியும். வால்வு புதுசாக இருந்தாலும் கசியும்.

எனவே ஒரு கேள்வி: ஃபிரிட்ஜுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வைகைக்கரை:

சிங்க்குக்கு அடியில் ஆர்ஓ இருக்கிறது. அங்கிருந்து ஒரு டீ (லைனை இரண்டாகப் பிரிக்கும் T வடிவ இணைப்பு) போட்டு ஃபிரிட்ஜுக்குக் கொடுத்திருக்கிறோம். வீடு வாங்கியதும் போட்டது. ஆனால் இது நம் ஊர் மாதிரித் தொட்டி இல்லை, உருண்டையாக இரும்பு டேங்க், பிரஷர் இருக்கும். இவ்வளவு வருடம் ஓடியதே?

ஸ்பேனர்:

பிரஷர் இருக்கும், ஆனால் எப்போதும் அதே அளவு இருக்காது. அந்த டேங்க்குக்குள் ஒரு ரப்பர் பை, பைக்கு வெளியே காற்று. தண்ணீர் நிரம்ப நிரம்பக் காற்று நசுங்கும். வீட்டு லைனில் இருக்கும் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை டேங்க் எட்டியதும் ஆர்ஓ தானே நின்றுவிடும். லைனில் 60 இருந்தால் நிரம்பிய டேங்க்கில் 40. அது உச்சம். நீங்கள் பிடிக்கப் பிடிக்க இறங்கிக்கொண்டே வரும். சாயங்காலம் அரிசிக்கு ஒரு குண்டான், சாம்பாருக்கு ஒரு பாத்திரம், பாட்டிலெல்லாம் நிரப்பி முடித்தால் டேங்க் பாதிக்கும் கீழே. ஆர்ஓவின் மெம்பிரேனில் (தண்ணீரை வடிகட்டும் சவ்வு) ஒரு நாளைக்கு 50 காலன் என்று போட்டிருந்தாலும் மணிக்கு இரண்டு காலன்தான், நடைமுறையில் அதுவும் வராது. திரும்ப நிரம்பும்வரை ஃபிரிட்ஜ் வால்வு குறைந்த பிரஷரில் கசிந்துகொண்டிருக்கும். இதற்குமேல் ஃபிரிட்ஜின் சொந்த ஃபில்டர் வேறு இன்னும் கொஞ்சம் பிரஷரை விழுங்கும்.

முதலில் ஓடியதற்கும் காரணம் உண்டு. அந்த டேங்க்கில் காற்று மெல்ல மெல்ல இறங்கும். வண்டி டயருக்கு வைக்கும் கேஜை வைத்துப் பாருங்கள். ஆர்ஓவுக்குப் போகும் தண்ணீரை மூடி, டேங்க்கை முழுசாகக் காலி செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். 7 பிஎஸ்ஐ பக்கம் இருந்தால் சரி.

அதற்கு முன்னால் சுலபமாக ஒன்று. ஃபிரிட்ஜ் குடிதண்ணீர்க் குழாயில் அளவு ஜாடி வைத்து 10 விநாடி பிடியுங்கள். 160, 170 மில்லி வர வேண்டும். காலையில் ஒரு தடவை, ராத்திரி சமையல் முடிந்ததும் ஒரு தடவை.

வைகைக்கரை:

காலையில் 170 பக்கம் வந்தது. ராத்திரி பாத்திரம் எல்லாம் பிடித்து முடித்ததும் 70தான். ஜாடியில் விழும் சத்தமே வேறு மாதிரி இருந்தது. காலையில் சர்ரென்று பாய்ந்தது, ராத்திரி குழாய் வாயை ஒட்டிக்கொண்டு சுவரோரம் வழிந்தது.

டேங்க் காற்று 3 பிஎஸ்ஐதான் இருந்தது. சைக்கிள் பம்பால் 7க்கு ஏற்றினேன். ராத்திரி அளவு 100 பக்கம் வந்தது, அதற்குமேல் ஏறவில்லை. ஃபிரிட்ஜ் ஃபில்டரை எடுத்துவிட்டு அதோடு வந்த வெற்று மூடியைப் போட்டதும் இன்னும் கொஞ்சம் கூடியது. ஆனாலும் காலையில் வருவது மாதிரி இல்லை.

மொட்டைமாடி:

ஆர்ஓவை விட்டுவிட்டு நேராகக் குளிர்ந்த தண்ணீர் லைனிலிருந்து கொடுங்கள். அமெரிக்காவில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம் என்கிறார்களே, அப்புறம் எதற்கு ஆர்ஓ? நம் ஆட்கள் எங்கே போனாலும் முதலில் ஆர்ஓ, அப்புறம்தான் சோபா.

வைகைக்கரை:

வீட்டில் கேட்டால் அடி விழும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கிறது, காபியே வேறு மாதிரி இருக்கிறது என்பார்கள். அது உண்மைதான்.

டொராண்டோ_குளிர்:

காபிக்கும் சமையலுக்கும் ஆர்ஓ அப்படியே இருக்கட்டும் அண்ணா, ஃபிரிட்ஜுக்கு மட்டும் லைனை மாற்றலாம்தானே. ஃபிரிட்ஜ் ஃபில்டரில் என்எஸ்எஃப் 42 (அது ஒரு தரச் சான்று எண்) என்று இருந்தால் குளோரின் ருசி, மணத்துக்குச் சோதிச்சது. 53 என்றும் இருந்தால் ஈயம் மாதிரி உடம்புக்குக் கேடான சிலதுக்கும் சோதிச்சிருப்பினம். எதெதுக்கு என்று அந்தப் பெட்டியிலேயே பட்டியல் போட்டிருக்கும், வாசித்துப் பாருங்கோ. மலிவாகக் கிடைக்கிற போலி ஃபில்டரை மட்டும் வாங்க வேண்டாம்.

ஸ்பேனர்:

டொராண்டோ சொல்வது சரி. ஆர்ஓ தண்ணீர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் டேங்க்குக்கு அப்புறம் டெலிவரி பம்பு போடலாம், அதற்கும் ஒரு பிளக் பாயின்ட், ஒரு செலவு, ஒரு சத்தம். என்னைக் கேட்டால் லைனை மாற்றுவதுதான் நிரந்தரம். சிங்க் அடியில் குளிர்ந்த தண்ணீர் வால்வில் முறையான டீ போடுங்கள். பைப்பைக் குத்தி மாட்டும் கவ்வி வால்வு கடையில் மலிவாக இருக்கும், அதைத் தொடாதீர்கள். அதன் ஓட்டை ஊசி அளவு, சீக்கிரம் அடைக்கும், கசியவும் செய்யும்.

மாற்றிய பிறகும் கசிந்தால் அப்போது வால்வை மாற்றலாம். அதற்கும் 400 டாலர் ஆகாது.

கரண்ட்டுள்ள_கை:

இங்கே யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஐஸ் மேக்கரின் முன்மூடியைக் கழற்றினால் T, H என்று எழுதிய இரண்டு துளைகள் இருக்கும். ஒரு ஒயர்த் துண்டால் இரண்டையும் இணைத்தால் உடனே சுற்று தொடங்கும். ஒரே நிமிடத்தில் மோட்டார் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். நான் அப்படித்தான் பார்ப்பேன்.

ஸ்பேனர்:

சரிதான், அந்த ரகத்தில் அது வேலை செய்யும். நானும் செய்வேன். ஆனால் அதைக் கரண்ட் ஓடும்போதுதான் செய்ய வேண்டும், அந்தத் துளைகளில் முழு 120 வோல்ட் இருக்கும், பக்கத்திலேயே ஈர அலுமினியம். மீட்டர் பிடித்துப் பழகாதவர்கள் படித்துவிட்டு முயற்சி செய்ய வேண்டாம். காதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். கட்டி விழுந்த கொஞ்ச நேரத்தில் ஃபிரிட்ஜின் பின்னால் ஏழு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும், அது வால்வு. முனகல் கேட்டுத் தண்ணீர் வராவிட்டால் அடைப்பு, அல்லது உறைவு, அல்லது பிரஷர் இல்லை. முனகலே இல்லையென்றால்தான் ஒயர், மோட்டார், வால்வைத் திறக்கும் காயில் (கம்பிச் சுருள்) பக்கம் போக வேண்டும்.

நெய்தல்:

பம்பு போட்டாயிற்று. கூடவே ஃப்ளோட் சுவிட்சும். முதல் ஈடு ஐஸ் விழுந்த சத்தத்தில் பூனை ஓடிவிட்டது. இப்போது கட்டிகள் முழு அளவில் வருகின்றன. பம்பு ஓடும்போது கிர்ரென்று ஒரு சத்தம், அடியில் ரப்பர் வைத்ததும் குறைந்தது. நன்றி ஸ்பேனர் ஐயா.

வைகைக்கரை:

லைனை மாற்றிவிட்டேன். சிங்க் அடியில் டீ, பின்னலிட்ட ஸ்டீல் ட்யூப், ஃபிரிட்ஜ் ஃபில்டரைத் திரும்பப் போட்டு மூன்று காலன் ஓடவிட்டுக் கொட்டினேன். இப்போது காலையிலும் ராத்திரியிலும் 10 விநாடிக்கு 190 பக்கம் வருகிறது. ட்யூபை உருக்கி மாட்டி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், நுனி காய்ந்தே இருக்கிறது. வால்வை மாற்ற வேண்டி வரவில்லை. ஆர்ஓ காபிக்கு அப்படியே இருக்கிறது, வீட்டில் சமாதானம்.

ஒரே ஒரு சந்தேகம். ஐஸ் உருகிய டம்ளரின் அடியில் வெள்ளையாகத் துகள் துகளாக நிற்கிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. ஃபில்டர் கெட்டுப்போய்விட்டதா?

ஸ்பேனர்:

இல்லை தம்பி. அது தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. ஆர்ஓ அதை எடுத்துவிடும், ஃபிரிட்ஜில் இருக்கும் கரி ஃபில்டர் எடுக்காது. தண்ணீர் உறையும்போது உப்பெல்லாம் கட்டியின் நடுவில் ஒதுங்கும். உருகினால் அது முழுசாகக் கரையாது, வெள்ளைத் தூளாக அடியில் படியும். குடித்தால் ஒன்றும் செய்யாது.

ஆனால் அதே சுண்ணாம்பு அச்சிலும் படியும், படிந்தால் கட்டிகள் ஒட்டிக்கொண்டு கழலாமல் தகராறு செய்யும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஃபில்டர் மாற்றும் அன்றைக்கே ஐஸ் மேக்கரை அணைத்து, வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் அச்சைத் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்துவிடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். கூடையையும் கழுவிவிடுங்கள், ஃப்ரீசரில் மீன் இருந்தால் ஐஸ் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

மொட்டைமாடி:

அந்த 400 டாலரில் எனக்கு எத்தனை ட்ரே வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.